ஒன்பதாவது சேவல்

அத்தியாயம் 17

பன்னிரண்டு வாரமாக லோகேஸ்வரியும் நாமும் காத்திருந்த வெள்ளிக்கிழமை ஒருவழியாக விடிந்தது.

நடுவில் இரண்டு மூன்று இதழ்களைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. ராவாங் தொழிற்சாலையில் எட்டு வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவள் லோகேஸ்வரி. அந்த வேலையை விட்டுவிட்டு, ஜெராமில் புகுந்த வீட்டார் நடத்தும் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழிப் பண்ணைக்கே வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்தாளா? எண்ணெய் பிழிந்த பிறகு ஆலையில் மிஞ்சும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு, தஞ்சோங் காராங் நெல் ஆலையிலிருந்து தவிடு, இரண்டையும் வெல்லத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். சோற்றைப் புளிக்க வைத்துத் தாப்பாய் செய்யப் போடும் ஈஸ்டைத் தூவி, நீலப் பீப்பாயில் ஐந்து நாள் இறுக மூடி வைத்தாள். புளித்து வந்ததைக் கடைத் தீனியோடு பத்துக்கு ஒரு பங்கு கலந்து போட்டால் கோழி நன்றாகத் தேறும், கொட்டகை நாற்றமும் குறையும் என்றாள்.

மாமனார் இருசப்பன் சிரித்தார். முப்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர் அவர். “புண்ணாக்கு மாட்டுக்குப் போடறது. கோழிக்குச் செரிக்காது” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பச்சைப் புண்ணாக்கில் நார் அதிகம், கோழியின் வயிறு அதை ஏற்காது. புளிக்க வைத்தால் அந்த நார் இளகிவிடும் என்பதுதான் லோகேஸ்வரியின் கட்சி.

பேசிப் பேசி ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், கிழக்குக் கொட்டகையில் நூறு, மேற்குக் கொட்டகையில் நூறு. கிழக்குக்குப் புளிச்ச தீனி கலந்தது, மேற்குக்கு வெறும் கடைத் தீனி. பன்னிரண்டு வாரம் முடிந்து நிறுத்துப் பார்க்கும்போது கிழக்குக் கோழி சராசரியாக நூறு கிராமாவது கூட இருந்தால், இனிமேல் பண்ணைத் தீனி முழுக்க மருமகள் பொறுப்பு. இல்லாவிட்டால் பீப்பாய்களைக் கவிழ்த்துவிட்டு அவள் ராவாங்குக்கே திரும்பிப் போக வேண்டியது. பழைய கம்பெனியும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்கும் இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆக, விடிந்த பொழுது லேசான பொழுதில்லை. ஆனாலும் லோகேஸ்வரி தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, தொங்கு தராசைத் துடைத்தபடி பாட்டு முணுமுணுத்தாள். தோற்றுவிடுவோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

“என்னா, கல்யாணத்துக்குப் போறாப்ல கெளம்பிட்ட?” என்றாள் மாமியார் நல்லம்மாள், அடுப்படி ஜன்னல் வழியாக.

“இன்னிக்கு ரிசல்ட்டு அத்தை.”

“என்னா ரிசல்ட்டோ. கோழிய கோழியா வளக்காம” என்று ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டாள் நல்லம்மாள். பீப்பாயைத் திறக்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறவள் அவள். இந்த விஷயத்தில் மாமியார் எந்தப் பக்கம் என்று லோகேஸ்வரிக்கு இதுவரை பிடிபடவில்லை.

இருசப்பன் அதற்குள் பண்ணைப் பின்கோடியில் இருந்தார். அங்கே ரம்புத்தான் மரத்தடியில் சூலம் நட்ட முனியாண்டி மேடை. அதை ஒட்டித் தனியாக ஒரு கூண்டு. கூண்டில் ஒன்பது சேவல். போன வருஷம் அவர் மகன், லோகேஸ்வரியின் புருஷன் கணேஸ்வரன் ஓட்டிய லோரி தஞ்சோங் காராங் வாய்க்காலில் கவிழ்ந்து, அவன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான் அல்லவா? நாளுக்கு ஒரு சேவலாக, தன் கையாலேயே வளர்த்துக் கொடுப்பதாக அப்போது நேர்ந்துகொண்டார். கொட்டகைக் கோழிகளோடு அதே பொரிப்பில் வந்த குஞ்சுகள்தாம் இவையும். பூசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்தக் கூண்டுப் பக்கம் வேறு யாரும் போகக்கூடாது. தண்ணீரும் அவரே வைப்பார், தீனியும் அவரே போடுவார். வெறும் கடைத் தீனி மட்டும். “சாமிக்கு விட்டதுக்குப் புளிச்சது போடக் கூடாது” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பூசாரி அப்பளசாமியும் அதற்குத் தலையாட்டினார். ஐந்தாவது வாரத்தில் அதில் ஒரு வெள்ளைக்காலன் மட்டும் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தது நினைவிருக்கும். நேர்ந்த சேவல் செத்தால் அபசகுனம் என்று கிழவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முனியாண்டி விபூதியைத் தடவித் தடவியே அதை எழுப்பிவிட்டதாகப் பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

ஏழு மணிக்கு நிறுவை ஆரம்பமானது.

ஒவ்வொரு கொட்டகையிலும் பத்துச் சேவல், பத்துப் பெட்டை. எது என்று பாராமல் இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டு கை விட்டுப் பிடிப்பார். லோகேஸ்வரி காலைக் கட்டித் தராசில் மாட்டி, எடையைச் சத்தமாகப் படித்து, நோட்டில் எழுதுவாள். முதலில் மேற்கு. “ஒண்ணு எழுவது. ஒண்ணு அறுவத்தஞ்சு. ரெண்டு கிலோ அஞ்சு!”

“அது சேவல்லா, அப்படித்தான் இருக்கும்” என்றார் மாமனார்.

மேற்கு முடிந்தது. சராசரி ஒரு கிலோ எழுநூற்று இருபது. லோகேஸ்வரிக்கு நெற்றியில் லேசாகச் சுருக்கம் விழுந்தது. போன பொரிப்பில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டவே மூச்சு முட்டியது. கடைத் தீனிக் கோழிக்கு இந்த எடையா? சரி, அப்படியானால் கிழக்கு இன்னும் பிரமாதமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கிழக்கு முடிந்தது. ஒரு கிலோ எழுநூற்று முப்பது.

கூட்டியதில் பிழையோ என்று மறுபடி கூட்டினாள். மூன்றாவது தடவை கைப்பேசியில் தட்டினாள். அதே முப்பது. வித்தியாசம் பத்தே பத்து கிராம். நூறு கிராம் எங்கே, பத்து கிராம் எங்கே!

இருசப்பன் ஜெயித்தவர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. அது மட்டும் அவரிடம் உள்ள நல்ல குணம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “நீ பாடுபட்டம்மா. யாரும் கொற சொல்ல முடியாது. ஆனா பேச்சு பேச்சுதான்.”

“மாமா, போன பொரிப்புக்கு இது ரெண்டு கொட்டகையுமே எவ்வளவு கூட! அதப் பாருங்களேன்.”

“போன வாட்டி மழக்காலம். குஞ்சும் வேற எடத்துக் குஞ்சு. அதையும் இதையும் சேத்துப் பேசாத. கெழக்கையும் மேக்கையும் பாக்கிறதுதான நம்ம பேச்சு?”

லோகேஸ்வரி நோட்டை மூடிவிட்டாள். அந்த விதியை எழுதியவளே அவள்தான். தொழிற்சாலையில் ஒன்றை மாற்றி ஒன்றை மாற்றாமல் வைத்துப் பார்ப்பார்கள் என்று பெரிய வாத்தியார் மாதிரி விளக்கியவளும் அவள்தான். இப்போது அதுவே அவள் காலைச் சுற்றிக்கொண்டது.

கைப்பேசி அடித்தது. ராவாங்கிலிருந்து ரூபினி, பழைய தொழிற்சாலைத் தோழி.

“லோகா, எச்.ஆர். ரெண்டு தடவ கேட்டுட்டாங்கடி. ஃபைவ் ஓ க்ளாக் டெட்லைன். சூப்பர்வைசர் போஸ்ட் ஓகேவா? யெஸ் சொல்லிரவா?”

“இரு. நானே மெசேஜ் பண்றேன்.”

“குரல் ஏன் இப்படி இருக்கு? கோழி ஃபெயிலா?”

“சும்மா இருடி” என்று வைத்துவிட்டாள்.

தோற்றதில்கூட அவளுக்கு அவ்வளவு வருத்தமில்லை. பீப்பாயைத் திறந்ததும் பழுத்த பலாவும் இட்லி மாவும் கலந்தாற்போல ஒரு வாசம் வருமே, அது சரியான பக்குவம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இவ்வளவு சரியாகச் செய்தது எப்படிப் பொய்யாகும் என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

நிறுத்த கோழிகளைத் திருப்பி விட மேற்குக் கொட்டகைக்குள் போனாள். கடைசிப் பெட்டையின் கால்கட்டை அவிழ்க்கக் குந்தினாள். குந்தியவள் அப்படியே இருந்தாள்.

கண் எரியவில்லை.

கடைத் தீனி தின்னும் நூறு கோழி பன்னிரண்டு வாரம் எச்சமிட்ட தரை. குனிந்தால் மூக்கிலும் கண்ணிலும் சுரீரென்று ஏற வேண்டும். போன பொரிப்பில் இதே இடத்தில் கண்ணீர் விட்டிருக்கிறாள். இப்போது மரத்தூள் காய்ந்து பொலபொலவென்று கிடந்தது. தீனித் தொட்டியின் மூலையைப் பார்த்தாள். பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். பழுத்த பலா, இட்லி மாவு.

எட்டு வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவள்தான். பீப்பாய் வாராவாரம் சீக்கிரமாகக் காலியாவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கிழக்குக் கொட்டகைக்கு என்ன பசி பாருங்கள் என்று புருஷனிடம் பெருமையடித்துக்கொண்டாளே தவிர, ஒரு நாளாவது சந்தேகப்பட்டாளா? தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

காலைத் தீனி போடுவது அவள். மாலைத் தீனி போடுவது ஒரே ஓர் ஆள்தான்.

நல்லம்மாள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லோகேஸ்வரி வாசலில் நின்று, அந்தப் பழுப்புத் துணுக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். “அத்தை, இது மேக்குக் கொட்டகைத் தொட்டியில இருந்துச்சு.”

மாமியார் எட்டிப் பார்த்தாள். “ஆமா. நான்தான் போட்டேன். அதுக்கென்னா இப்ப?”

“எப்பருந்து?”

“ரெண்டாவது நாள்லேர்ந்து.”

“பன்னெண்டு வாரமாவா?”

“ஒரு நாள் தப்பல. காலையில நீ கெழக்கால எத்தன அளவு போடறன்னு பாத்துக்குவேன். சாயங்காலம் கெழக்குக்குப் போடறப்ப மேக்குக்கு அதையும் சேத்துச் சரிக்கட்டிருவேன். கூடவும் போடல, கொறையவும் போடல.”

லோகேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தது, அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. “அத்தை, அது ட்ரையல். ஒண்ணுக்குப் போட்டு, ஒண்ணுக்குப் போடாம இருந்தாதான வித்தியாசம் தெரியும்? உங்ககிட்ட எத்தன வாட்டி சொன்னேன்!”

“சொன்ன. என் காதுல விழுந்துச்சு. ஆனா மனசு கேக்கலியே.” கீரையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள் நல்லம்மாள். “பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கொட்டக. நடுவுல வெறும் கம்பி வல. நீ கெழக்குல கொட்டுனா, மேக்குல இருக்கிறது எல்லாம் வலையில மூஞ்சிய வச்சிக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குது. ஒரே பந்தியில ஆளுக்கு ஒரு மாதிரி போடுவாங்களா?”

“கோழிக்கு என்ன அத்தை பந்தி?”

“வாயிருக்கிறதுக்கு எல்லாம் பந்திதான்.” நல்லம்மாளின் குரல் தணிந்தது. “எனக்கு அப்ப எட்டு வயசு. தோட்டத்துக் கணக்கெழுதற கிராணி வீட்டுக் கல்யாணம். மொத வரிசைக்கு வட, பாயாசம் எல்லாம் வந்துச்சு. லயத்துக் கூலி வீட்டுப் பிள்ளைங்க நாங்க கடைசி வரிச. பாயாசத் தூக்கு எங்க எலையத் தாண்டிப் போச்சு. கேட்டா, தீந்துருச்சுன்னாங்க. தீரல. தூக்குல ததும்புச்சு, என் கண்ணால பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல. என் கையால ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தர வேடிக்க பாக்க வைக்க மாட்டேன். அது கோழியா இருந்தாலும் சரி.”

லோகேஸ்வரியின் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். “நாத்தம் நாத்தம்னு மூக்க மூடுவீங்களே. அப்பறம் அதப் போய் எப்படி விருந்துன்னு நெனச்சீங்க?”

“நாத்தம் எனக்குத்தான். கோழிக்குத் தெரியுமே அது என்னான்னு! மொத நாளே அடிச்சிக்கிட்டு ஓடி வந்துச்சு பாரு. நல்லதுன்னு தெரிஞ்சிதான ரெண்டு பக்கமும் போட்டேன்?”

தன்னை நம்பாதவள் என்று நினைத்திருந்த மாமியார், இந்த வீட்டிலேயே முதன்முதலில் தன்னை நம்பியவள். லோகேஸ்வரி உள்ளே வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீரைக் கட்டில் பாதியை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு ஆய ஆரம்பித்தாள். சேவல் கூவும் சத்தம் பின்கோடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நாலு கொத்துக்கூட ஆய்ந்திருக்க மாட்டாள், சட்டென்று எழுந்துவிட்டாள்.

“அத்தை! சாமி கூண்டு சேவலுக்கும் நீங்க போட்டீங்களா?”

“சிவ சிவா! அந்தப் பக்கமே நான் போக மாட்டேன். அது சாமிது.”

“அப்ப அது ஒம்போதும் வெறும் கடைத் தீனிதான் தின்னுருக்கு. அதே நாள் பொரிப்பு!”

ஓட்டமும் நடையுமாகப் பின்கோடிக்குப் போனவளை இருசப்பன் ஏற இறங்கப் பார்த்தார். நடந்ததை எல்லாம் அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். பின்னாலேயே வந்த நல்லம்மாள், “நான்தான் போட்டேன்” என்று ஒரு தடவை தானாகவே சொல்லிக்கொண்டாள். கிழவர் மனைவியை முறைத்தார். மனைவி திருப்பி முறைத்ததும் பார்வையை மாற்றிக்கொண்டார்.

“சரி. ரெண்டு கொட்டகையும் ஒண்ணையே தின்னுருக்கு. அதனால பந்தயம் செல்லாது. அவ்வளவுதான?”

“இல்ல மாமா. இந்த ஒம்போதையும் நிறுத்தா தெரிஞ்சிரும். கடைத் தீனி மட்டும் தின்ன சேவல் இதுங்கதான்.”

இருசப்பன் முகம் இறுகியது. “சாமிக்கு விட்டத தராசுல போடறதா? இது என்னா, பாசார்ல விக்கிற கோழியா? கிலோ எவ்வளவுன்னு படிச்சிச் சொல்லுவியா? நேந்தத நிறுக்கிற வழக்கம் நம்ம வீட்ல இல்ல. அந்தப் பேச்சே வேணாம்.”

 லோகேஸ்வரியின் ராவாங் அறிவெல்லாம் அந்த மேடைக்கு முன்னால் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். மணி இரண்டரை ஆகியிருந்தது.

பேசியது நல்லம்மாள். “கணேசுக்கு மூணு வயசுல மாரியம்மன் கோயில்ல துலாபாரம் குடுத்தீங்களே, எடைக்கு எட வெல்லம். அதுவும் சாமிக்கு நேந்ததுதான?”

“அது துலாபாரம்லா. தராசு வேற, துலாபாரம் வேற.”

“அதத்தான் நானும் சொல்றேன். நம்பர் படிக்க வேணாம். கிலோ வேணாம். சாமி முன்னால ஒரு பக்கம் சாமி சேவல், ஒரு பக்கம் கொட்டகச் சேவல். எது எறங்குதுன்னு முனியாண்டியே சொல்லட்டும். நாம வாயத் தொறக்க வேணாம்.”

 இருசப்பன் சூலத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாமான் கொட்டகைக்குப் போனார். செம்பனைக் குலை வெட்டும் நீள அலுமினியக் கம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதன் நடுவில் கயிறு கட்டி ரம்புத்தான் கிளையில் தொங்கவிட்டார். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கூடை. கம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கயிற்றை விரலளவு நகர்த்தி, சமமாக நிற்கும்வரை விடவில்லை. சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். மண்டோர் வேலை பார்த்த கை அது. செய்தால் ஒழுங்காகத்தான் செய்யும்.

கொட்டகையிலிருந்து ஒன்பது சேவலை அவரே கண்ணை மூடிப் பிடித்தார். கிழக்கில் ஐந்து, மேற்கில் நாலு.

முதல் ஜோடி. இடக்கூடையில் சாமி சேவல், வலக்கூடையில் கொட்டகைச் சேவல். கையை எடுத்தார். வலக்கூடை விறுவிறுவென்று இறங்கி, புல்லில் தட்டி நின்றது.



“கூடைய மாத்திப் போடு” என்றார் இருசப்பன். மாற்றினார்கள். இப்போது இடக்கூடை இறங்கியது. கொட்டகைச் சேவல் எந்தப் பக்கம் உட்கார்ந்ததோ அந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

இரண்டாவது ஜோடி, மூன்றாவது, நாலாவது. ஒவ்வொரு தடவையும் மாமனார் கூடையை மாற்றச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் முடிவு மாறவில்லை. ஆறாவதில் நல்லம்மாள் வாய்க்குள் சிரிக்க ஆரம்பித்தாள். எட்டாவதில் லோகேஸ்வரியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவள் பீப்பாய் பொய் சொல்லவில்லை.

ஒன்பதாவது, அந்த வெள்ளைக்காலன். சாகக் கிடந்து பிழைத்த நோஞ்சான். இதற்கு எதற்கு நிறுவை என்கிற மாதிரி இருசப்பனே கொஞ்சம் தயங்கினார். “எட்டு போதும். விடு” என்றார்.

“ஒம்போதும் ஒம்போதுதான்” என்று நல்லம்மாள் அதைத் தூக்கிக் கூடையில் வைத்துவிட்டாள்.

கையை எடுத்ததும் வெள்ளைக்காலன் கூடை இறங்கியது. லேசாகக்கூட இல்லை, ஒரேயடியாக இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது. எதிர்க்கூடையில் இருந்த கிழக்குக் கொட்டகைச் சேவல் அந்தரத்தில் கொக்கரித்தது. கூடையை மாற்றினார்கள். அப்போதும் அதுதான் இறங்கியது.

லோகேஸ்வரி குந்தி, வெள்ளைக்காலனை மடியில் எடுத்துக்கொண்டாள். அலகோரத்தில் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் முகர்ந்தாள்.

“நான் போடல” என்றாள் நல்லம்மாள் அவசரமாக. “சத்தியமா நான் இல்ல.”

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இருசப்பன் கம்பின் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். முடிச்சு அவிழ்ந்த பிறகும் அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

“மாமா?”

“சாகக் கெடந்துச்சும்மா.” அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். “கடைத் தீனி எறங்கல. மருந்து குடுத்தேன், கேக்கல. அது செத்தா என் நேத்தி கெட்டுரும். என் புள்ளைக்கு நேந்தது. கெழக்கால பாத்தேன், குஞ்செல்லாம் துள்ளிக்கிட்டுத் திரியுது. அன்னிக்கு ஒரு கை அள்ளிக்கிட்டு வந்து, இத மட்டும் கூண்டுக்கு வெளிய எடுத்துக் குடுத்தேன். தின்னுச்சு. மறுநா எந்திரிச்சு நின்னுச்சு. அப்பறம் நிறுத்த மனசு வரல.”

“விபூதின்னு சொன்னீங்க!” என்றாள் நல்லம்மாள்.

“விபூதியும் தடவுனேன்.”

லோகேஸ்வரி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. ஊருக்கு முன்னால் தன் தீனியைக் கேலி பேசிய மனிதர், பிள்ளைக்காக நேர்ந்த உயிர் போய்விடுமோ என்று பயந்த நேரத்தில் கைநீட்டியது தன் பீப்பாயில்தான். இதைவிடப் பெரிய நற்சான்றிதழை எந்தக் கம்பெனி கொடுக்கும்? மடியில் சேவலோடு கைப்பேசியை எடுத்து ரூபினிக்கு ஒரே வரி தட்டினாள்: “வரல. எனக்கு இங்க வேல இருக்கு.” மணி நாலு பத்து.

“புதுக் குஞ்சு எரநூறு திங்கக்கெழம வருது” என்றார் இருசப்பன், இப்போதும் கயிற்றைப் பார்த்துக்கொண்டே. “தீனி உன் பாடு. என்னைய கேக்காத.”

“சரி மாமா. ஆனா இன்னொரு தடவ ஒழுங்கா நிறுத்துப் பாக்கணும். அளவு இன்னும் சரியாத் தெரியணும்.”

“அப்படின்னா நடுவுல சாக்கு கட்டி மறைச்சிரு” என்றாள் நல்லம்மாள் கறாராக. “ஒண்ணு தின்றத ஒண்ணு பாக்கக் கூடாது. பாத்துச்சுன்னா நான் மறுபடி போட்ருவேன், இப்பவே சொல்லிட்டேன்.”

இருசப்பன் சாமி சேவல்களை ஒவ்வொன்றாகக் கூண்டில் விட்டார். எட்டு விட்டார். ஒன்பதாவதை மருமகள் மடியிலிருந்து வாங்கியவர், கூண்டுக் கதவருகே நின்றுவிட்டார். புளிச்சது தின்றது சாமிக்கு ஆகாது என்று சட்டம் போட்டவர் அவரே. அப்பளசாமி அதற்குத் தலையாட்டியதும் ஊரறிந்த விஷயம்.

“இது கணக்குல வராது” என்று முணுமுணுத்தார். “வேற ஒண்ணு எடுத்துக்கிட்டாப் போச்சு.” கொட்டகைப் பக்கம் நாலு அடி எடுத்து வைத்தார். ஐந்தாவது அடி வைக்கவில்லை.

கிழக்கில் நூறு, மேற்கில் நூறு. எல்லாம் பன்னிரண்டு வாரமாக நல்லம்மாள் கையால் சமமாகப் பந்தி சாப்பிட்டவை. வெளியில் வாங்கவும் வழியில்லை, தன் கையால் வளர்த்துக் கொடுப்பதாகத்தான் நேர்த்தி. இருசப்பன் கையால் வளர்ந்து, புளிச்ச தீனி வாயில் படாத சேவல் எட்டுதான். நேர்ந்துகொண்டது ஒன்பது. பூசைக்கு இன்னும் ஒன்பது நாள்.

வெள்ளைக்காலனை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார். மனைவியைப் பார்க்கவில்லை, சூலத்தையும் பார்க்கவில்லை. ஆட்களை மேய்த்த மண்டோர், மருமகள் கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, அவளிடம் யோசனை கேட்டார்.

“அப்பளசாமிகிட்ட இத எப்படிம்மா சொல்றது?”